அக்கா பாஸ் பண்ணிய அன்று

ஒஷாவா
9 பெப்ரவரி 2025

அன்பின் அக்கா,

பேனை பிடித்துக் கடிதம் எழுதி எத்தனையோ வருடமாகிவிட்டது. இரண்டு வரிக்குள்ளேயே கை நோகிறது. "என்னப்பா, ஆருக்கு மனு எழுதிறியள்?" என்று செரீனா கேட்டுவிட்டுப் போகிறாள். வேறு என்ன வழி? என் நம்பரை நீங்கள் பிளொக் செய்துவிட்டீர்கள். அத்தானுக்கு அடித்தால் மணி அடித்து ஓய்கிறது. போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வர, கார் நிறுத்துமிடத்தில் உங்களைக் கண்டு கை காட்டினேன். நீங்கள் கண்டும் காணாதவர் போலக் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போய்விட்டீர்கள். நீங்களே காரை ஓட்டிக்கொண்டு போனதைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாகத்தான் இருந்தது.

பிழை என்னுடையதுதான். ஆனால் அன்றிரவு நடந்ததை நீங்கள் அந்த லொறெயின் மனுசியின் வாயாலும் அத்தானின் அரைகுறைக் கதையாலும்தான் அறிந்திருக்கிறீர்கள். என் பக்கத்தையும் ஒருக்கால் கேளுங்கள்.

அன்று காலை நீங்கள் கார் லைசென்ஸ் ரெஸ்ற் பாஸ் பண்ணினீர்கள். மூன்று தரம் தவறி, நாலாம் தரம். பின்னேரம் ஆட்டிறைச்சிக் கறியும் பிட்டும் வைத்து எங்களைச் சாப்பிட வரச் சொன்னீர்கள். நான் வந்து, கறி அடுப்பால் இறங்க முதலே அத்தானை இழுத்துக்கொண்டு போனேன். ஒருவன் பனி தள்ளுகிற சினோ புளோவர் ஒன்றை மலிவாக விற்கிறான், தூக்கி ஏற்ற ஆள் வேண்டும், இந்தா போய் இந்தா வந்துவிடுவோம் என்றேன். வடக்கே மூன்று மணித்தியால ஓட்டம் என்பதைச் சொல்லவில்லை.

போய்ச் சேர்ந்தால் அவன் அதை வேறு யாருக்கோ விற்றுவிட்டான். திரும்பும் வழியில் என் வான் பழுதாகி நின்றுவிட்டது. குளிர் மைனஸ் முப்பத்தொன்று. இரண்டு பக்கமும் காடு, போனில் சிக்னல் இல்லை. பக்கத்தில்தானே என்று நினைத்து அத்தான் மெல்லிய ஜக்கெற்றோடு வந்திருந்தார். மீசையில் ஐஸ் பிடித்து, வாயைத் திறக்கும்போதெல்லாம் "ஆ" என்றார். ஆனாலும் வாய் ஓயவில்லை. "கிளிபோட், நான் விறைச்சுச் செத்தா உன்ரை அக்காவுக்கு நீதான் மறுமொழி சொல்லவேணும்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். ஒரு வளைவில் வெளிச்சம் தெரிந்தது. மரக்கட்டடம் ஒன்று, வாசலில் பனியில் ஓடுகிற சினோமொபீல் ஏழெட்டு, ஜன்னலில் பியர் விளம்பரம். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு பாருக்குள் நுழைந்த ஒரு மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

லொறெயின் அந்த பாரை நடத்துகிறவர். அறுபதுக்கு மேல் வயதிருக்கும். எங்களை அடுப்புக்குப் பக்கத்தில் இருத்தி, சூடாகக் கோப்பி தந்து, இந்தக் குளிரில் எங்கே வெளிக்கிட்டீர்கள் என்று கேட்டார். அந்த நடுக்கத்திலும் அத்தானுக்கு உங்கள் நினைவுதான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மை வைவ் பாஸ்ட். திஸ் மோர்னிங்" என்றார்.

இந்த நாட்டில் ஒருவர் செத்தால் செத்தார் என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். 'பாஸ்ட்' என்பார்கள். அத்தானுக்கு அது தெரியாது. ரெலிவிஷனில் ஓடிய ஹொக்கி ஆட்டத்தை யாரோ நிறுத்தினார்கள். தாடிக்காரர் ஒருவர் எழுந்து வந்து அத்தானைக் கட்டிப்பிடித்தார். அத்தானுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. தன்னுடைய இங்கிலிஷில் விளக்கத் தொடங்கினார். நீங்கள் கனகாலம் கஷ்டப்பட்டீர்களாம். மூன்று தரம் போகப்பார்த்தும் முடியவில்லையாம். நேற்று இரவு உங்களுக்குச் சரியான பயமாம். "பயப்படாதே, மெதுவாக, நேரே போ, பின்னாலே பார்க்காதே, கண்ணாடியில் மட்டும் பார்" என்று சொல்லித் தான்தான் அனுப்பினாராம். இனி உங்களுக்கு பஸ் தரிப்பிடத்தில் குளிருக்குள் நிற்கிற கஷ்டம் இல்லையாம். அந்தத் தாடிக்காரர் அழுதுவிட்டார் அக்கா.

எங்களை ஒரு சதம் கொடுக்க விடவில்லை. கிளாஸ் வெறுமையாக முதல் நிரப்பினார்கள். சத்தியமாக எனக்கும் அப்போது விளங்கவில்லை. கனடாக்காரர் ஒரு லைசென்ஸுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிறார்களே என்றுதான் நினைத்தேன். பிறகு அத்தான் எழும்பி பைலா பாடி ஆடினார். பனிச் சப்பாத்தோடு பத்துப் பதினைந்து வெள்ளைக்காரர் அவருக்குப் பின்னால் வரிசையாக ஆடினார்கள். காலையில் வானுக்கு பற்றரியும் ஏற்றித் தந்து அனுப்பினார்கள். லொறெயின் கார்ட் அனுப்ப விலாசம் கேட்டார், அத்தான் எழுதிக் கொடுத்தார். இவ்வளவுதான் நடந்தது.

ஏப்ரல் 27 எங்கள் கரோலினுக்கு ஞானஸ்நானம். ஞானத்தாய் என்று உங்கள் பெயரைத்தான் பாதரிடம் கொடுத்திருக்கிறோம். என் மேலுள்ள கோபத்தைப் பிள்ளையில் காட்டவேண்டாம். நீங்கள் வராவிட்டால் அவளை வேறு யார் தூக்குவது?

தம்பி
கிளிபோட்


ஸ்காபரோ
16 பெப்ரவரி 2025

தம்பி,

அன்பின் என்று எழுதிப் பார்த்தேன். வரவில்லை, விட்டுவிட்டேன்.

உன் போனை நான் ஏன் எடுப்பதில்லை என்று உனக்குத் தெரியுமா? எடுத்தால் நீ இரண்டாவது வசனத்தில் என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். சின்ன வயதிலிருந்து அதுதான் உன்னுடைய வித்தை. கடிதம் என்றால் நான் சிரித்து முடித்துவிட்டு ஆறுதலாகத் திரும்பவும் கோபப்படலாம். கண்ணாடியில் மட்டும் பார் என்ற இடத்தில் சிரித்தேன். சிரித்ததற்காக இன்னும் கோபம் வந்தது.

நான் அன்றிரவு ஆட்டிறைச்சியை மூன்று தரம் சூடாக்கினேன். பிறகு தனியே இருந்து சாப்பிட்டேன். ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு தனியே சாப்பிடுவது என்ன மாதிரி என்று உனக்குத் தெரியாது. அதைக்கூட மன்னித்துவிட்டேன். அடுத்த வாரம் நடந்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பகல் நேரம். அத்தான் இரவு வேலை முடித்து வந்து மேலே நித்திரை. மணி அடித்தது. திறந்தால் ஒரு வெள்ளைக்கார மனுசி, கையில் துணியால் மூடிய பெரிய பாத்திரம், கண் சிவந்திருக்கிறது. ரொறொன்ரோவில் டொக்டரிடம் வந்தவராம், அப்படியே யேசுவைப் பார்க்க வந்தாராம். எந்த யேசுவை என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. உன் அத்தான் யேசுரட்ணத்தைத்தான் நீங்கள் அங்கே யேசு ஆக்கியிருக்கிறீர்கள். பிறகு சுவரில் தொங்கிய எங்கள் கல்யாணப் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீங்கள் கிளடிஸின் சகோதரியா? அப்படியே அவரைப் போல இருக்கிறீர்கள்" என்று என் கையைப் பிடித்தார்.

நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவள். பன்னிரண்டாம் இலக்க அறை பாஸ்ட் என்று நேர்ஸ் சொன்னால் நான் அந்தச் சாப்பாட்டுத் தட்டை வண்டியிலிருந்து எடுத்துவிடுவேன். எனக்கு அந்தச் சொல் வடிவாகத் தெரியும். லொறெயின் இரண்டு வசனம் பேச எனக்கு எல்லாம் வெளித்துவிட்டது. நான்தான் கிளடிஸ் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த மனுசி அழுதுகொண்டு நிற்கிறார். மூன்று மணித்தியாலம் கார் ஓடிவந்து, எனக்காகச் சமைத்த பாத்திரத்தோடு நிற்கிறார். என் வாய், "ஓம், நான் தங்கச்சி" என்று சொல்லிவிட்டது.

குசினியில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். என்னுடைய சாவுக்கு நானே தேத்தண்ணி ஊற்றினேன். மேலே அத்தானின் குறட்டை கேட்டது. "பாவம், அழுது களைத்திருப்பார், எழுப்பவேண்டாம்" என்றார். பிறகு அத்தான் அன்றிரவு என்னைப் பற்றிச் சொன்னதையெல்லாம் சொன்னார். விடியப்புறம் இருட்டுக்குள் எழும்பிப் போகிறவள், ஒரு நாளும் முறைப்பாடு சொல்லாதவள், தோற்றுத் தோற்றுத் திரும்பப் போனவள், தன்னைவிடத் தைரியம் கூடியவள் என்று. இருபத்திரண்டு வருடத்தில் என்னைப் பற்றி இந்த மனுசன் சொன்ன நல்ல வார்த்தைகளை நான் செத்துத்தான் கேட்டேன். அழுகை வந்தது. லொறெயின் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுதார். அவர் போன பிறகு பாத்திரத்தைத் திறந்தேன். உருளைக்கிழங்கும் சீஸும். நல்ல ருசி. சாப்பிட்டேன் தம்பி. பொய் சொல்லி வாங்கிய சாப்பாட்டை ஒட்ட வழித்துச் சாப்பிட்டேன். அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை.

அத்தானிடம் சொன்னபோது அவர் படிக்கட்டில் இருந்துவிட்டார். "நான் ஆடினனான் எல்லே" என்றார், அவ்வளவுதான். அன்று தொடக்கம் அவர் இங்கிலிஷ் பேசுவதில்லை. வேலையில் தலையை ஆட்டுகிறாராம். கோப்பி வாங்குவதற்குக்கூட என்னைக் கடை ஜன்னலில் பேசச் சொல்லுகிறார். வாயைத் திறந்தால் இன்னும் யாரைக் கொல்லுவேனோ தெரியாது என்கிறார்.

உனக்கு விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். பன்னிரண்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவன் நீ. காப்புறுதிக் கொம்பனியில் போன் எடுத்துச் சம்பளம் வாங்குகிறவன். செத்தவர்களின் வீட்டுக்காரர் எடுத்தால் 'சொறி ஃபோர் யுவர் லொஸ்' என்று நாளுக்கு எத்தனை தரம் சொல்லுகிறாய்? அதையே அந்த பாரில் ஒவ்வொருவராக வந்து அத்தானுக்குச் சொன்னார்களாம். உனக்கு விளங்கவில்லையாம். இந்தப் பொய்க்குத்தான் எனக்குக் கூடக் கோபம்.

ஞானத்தாய் கதைக்கு மறுமொழி இதுதான். அந்த ஊரில் நான் இன்னும் செத்தவள். செத்தவள் பிள்ளை தூக்கமாட்டாள். நீ போய் லொறெயினிடம் உண்மையைச் சொல்லி என்னை எழுப்பிவிட்டு வா. அதுவரை வாசலுக்கும் வராதே.

கிளடிஸ்


ஒஷாவா
3 மார்ச் 2025

அன்பின் அக்கா,

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்துவிட்டு எழுதுகிறேன். இந்த முறை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எனக்கு விளங்கியது. தாடிக்காரர் கட்டிப்பிடித்த அந்த நிமிடமே விளங்கியது. "உவர் என்ன சொல்லுறார்?" என்று அத்தான் கேட்டார். "வாழ்த்துச் சொல்லுறார் அத்தான்" என்றேன். அடுத்த ஆள் வந்து சொறி சொல்ல, "உவரும் வாழ்த்துத்தான்" என்றேன். பிறகு எல்லாமே வாழ்த்து ஆகிவிட்டது. அத்தான் ஆடத் தொடங்கியதும் ஒருவர் என்னிடம் வந்து, மனைவி செத்த அன்று எப்படி இவரால் ஆட முடிகிறது என்று மெதுவாகக் கேட்டார். எங்களுடைய கலாசாரத்தில் அப்படித்தான், செத்தவர்களைச் சந்தோசமாக அனுப்புவோம் என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர்களும் எழும்பி ஆடினார்கள்.

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். முதல் கிளாஸ் சும்மா கிடைத்தது, அது ஒரு காரணம். வெளியே மைனஸ் முப்பத்தொன்று, உண்மையைச் சொன்னால் துரத்திவிடுவார்களோ என்ற பயம் இன்னொன்று. ஆனால் பெரிய காரணம் வேறு. நாள் முழுக்க மற்றவர்களின் சாவுக்கு நான் சொறி சொல்லுகிறேன், கொம்பனி எழுதித் தந்த வசனத்தில். அன்று ஒரு பொய்ச் சாவுக்கு இத்தனை பேர் மனதாரச் சொறி சொல்ல, எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தேன். அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவினார்கள்.

இதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஆட்டம் ஓய்ந்த பிறகு லொறெயின் அத்தானுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். "மை கென் பாஸ்ட். ரூ யேர்ஸ் அகோ" என்றார். கென் அவருடைய புருசன், செத்து இரண்டு வருடம். அத்தான் அந்த மனுசியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "நவ் ஹீ கான் கோ எனிவேர்" என்றார். இனி அவர் எங்கேயும் போகலாம் என்று. லைசென்ஸ் எடுத்துவிட்டார் என்றுதானே அத்தான் நினைத்தார். லொறெயின் அத்தானின் தோளில் தலையை வைத்துக் கேவிக் கேவி அழுதார். செத்தவீட்டில்கூட அவர் அழவில்லை என்று தாடிக்காரர் எனக்குச் சொன்னார். அத்தான் என்னைப் பார்த்து, "ஏனடா அழுறா?" என்றார். "சந்தோசத்திலை அத்தான்" என்றேன்.

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

போன சனிக்கிழமை நீங்கள் சொன்னபடி போனேன். வழி முழுக்க வசனம் பாடமாக்கிக்கொண்டு போனேன். கதவைத் திறக்க லொறெயின் ஓடிவந்து கட்டிப்பிடித்து, "யேசு எப்படி இருக்கிறார்?" என்றார். நான், "மெது மெதுவாகத் தேறுகிறார்" என்றேன். அக்கா, எப்படி என் வாயில் அது வந்தது என்று தெரியாது. கோப்பி குடித்தேன். வெளிக்கிட, தான் சுட்ட அப்பிள் பை பலகாரம் ஒன்றைச் சுற்றிக் கையில் தந்தார். அதையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அது எங்கள் பிறிட்ஜில் இருக்கிறது. செரீனா நல்லாயிருக்கிறது என்று சாப்பிடுகிறாள். நான் அதைத் தொடவேயில்லை.

என்ன செய்யட்டும்?

கிளிபோட்


ஸ்காபரோ
8 மார்ச் 2025

தம்பி,

ஒரு உண்மை சொல்லி வா என்று அனுப்பினேன். நீ ஒரு அப்பிள் பையோடு வந்திருக்கிறாய்.

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "ஏனடா அழுறா" என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். வெளியே போய் நடைபாதையில் ஐஸ் கொத்தினார். அங்கே கொத்த ஐஸே இருக்கவில்லை.

இனி உன்னை நம்பி ஒன்றும் ஆகாது. வருகிற சனிக்கிழமை நானே போகிறேன். கார் இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது. அத்தானும் வருகிறாராம்.

கிளடிஸ்


12 மார்ச் 2025

அக்கா,

இதைத் தபாலில் போட்டால் சுணங்கும் என்று வேலைக்குப் போகிற வழியில் உங்கள் தபால்பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போகிறேன். மணி அடிக்கவில்லை, பயப்படவேண்டாம்.

போகாதீர்கள். நீங்கள் இதுவரை நெடுஞ்சாலையில் கார் ஓடியதில்லை. வடக்கே இன்னும் பனி. லொறிகள் பக்கத்தால் போகும்போது கார் ஆடும், பயந்து பிறேக் அடிக்கக்கூடாது. போகத்தான் போகிறீர்கள் என்றால் இடது பக்க லேனுக்கு மாறவேண்டாம். கண்ணாடி கழுவுகிற தண்ணியை நிரப்பிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. லொறெயினிடம் என்னைப் பற்றி அதிகம் சொல்லவேண்டாம். எல்லோருக்குமே விளங்கவில்லை என்று பொதுவாகச் சொன்னால் போதாதா? அந்த மனுசி என்னை நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அது அப்படியே இருக்கட்டுமே.

கிளிபோட்


ஸ்காபரோ
18 மார்ச் 2025

தம்பி,

உயிரோடு இருந்து எழுதுகிறேன். இப்போது அந்த ஊரிலும் உயிரோடுதான் இருக்கிறேன்.

லொறிகள் பக்கத்தால் போகும்போது கார் ஆடியது. நீ எழுதியது நினைவில் இருந்தபடியால் பிறேக் அடிக்கவில்லை. அதற்கு மட்டும் நன்றி. அத்தான் வழி முழுக்க கதவுக்கு மேலுள்ள கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு செபமாலை சொன்னார். இரண்டு இடத்தில் நிறுத்தினோம், இரண்டு இடத்திலும் நான்தான் இறங்கி அவருக்குக் கோப்பி வாங்கினேன். போய்ச் சேர்ந்த பிறகுதான் பார்த்தேன், கழுவித் துடைத்து வைத்த லொறெயினின் பாத்திரத்தைக் குசினி மேசையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பாரில் ஐந்தாறு பேர்தான். அத்தானைக் கண்டதும் எல்லோரும் எழும்பினார்கள். லொறெயின் என்னைத் தங்கச்சி என்று அவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, நான் தங்கச்சி இல்லை, கிளடிஸ் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. செத்த அக்காவின் பெயரைத்தான் எனக்கும் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம். நான் பையைத் திறந்து லைசென்ஸை எடுத்து மேசையில் வைத்தேன். படத்தைக் காட்டினேன், பெயரைக் காட்டினேன். அன்று காலை நான் பாஸ் பண்ணியது இதைத்தான் என்றேன்.

தாடிக்காரர்தான் முதலில் சிரித்தார். மேசையில் அடித்துச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். லொறெயின் சிரிக்கவில்லை. லைசென்ஸைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு அத்தானிடம் போய் முன்னால் நின்றார்.

"கென்னைப் பற்றி நான் சொன்னபோது, இனி அவர் எங்கேயும் போகலாம் என்றீர்களே. அது?"

அத்தான் இங்கிலிஷ் பேசி ஒன்றரை மாதம். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பேசட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தானே சொன்னார். "ஐ தோட்... ஹீ கொட் லைசென்ஸ்."

அந்த மனுசியின் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். உன்னைக் கூட்டிக்கொண்டு போகாததற்கு அந்த ஒரு நிமிடம்தான் கவலைப்பட்டேன். இரண்டு வருடமாக அவருக்கு எத்தனையோ பேர் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். மனதில் பிடித்து வைத்திருந்தது அந்த ஒரு வசனத்தைத்தானாம். அதைத்தான் நாங்கள் போய்ப் பறித்துவிட்டோம். உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்துப் போனவள் நான். அவருடைய தலையில் ஏற்றிவிட்டேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

லொறெயின் ஒரு கதிரையில் இருந்தார். கொஞ்ச நேரத்தால், "கென்னுக்குக் கடைசி ஆறு வருடமும் லைசென்ஸ் இல்லை. குடித்துவிட்டுக் கார் ஓடிப் பறிகொடுத்தவர். கடைக்குப் போவதென்றாலும் நான்தான் ஏற்றிக்கொண்டு போகவேண்டும்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்புத்தான் என்று முதலில் நினைத்தேன். எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று தெரியாது. அத்தான் பக்கத்தில் போய் இருந்தார். ஏன் அழுகிறா என்று இந்த முறை யாரிடமும் கேட்கவில்லை.

வெளிக்கிடும்போது லொறெயின் என்னோடு கார் வரை வந்தார். உங்கள் புருசன் தெரியாமல் சொன்னவர், அவரோடு எனக்கு ஒன்றும் இல்லை என்றார். நீங்கள் வாசலில் என்னைக் கண்டு பயந்துவிட்டீர்கள், அதையும் விளங்கிக்கொள்கிறேன் என்றார். பிறகு, "அந்தப் பொடியன் இரண்டு கிழமைக்கு முதல் வந்தவன். என் கண்ணைப் பார்த்துப் பேசினவன். அவனுக்கு இங்கிலிஷ் நல்லாத் தெரியுமா?" என்று கேட்டார்.

தம்பி, உன் கடிதம் என் பைக்குள்தான் இருந்தது. அப்படியே இருக்கட்டுமே என்று நீ கெஞ்சியிருந்தாய். அக்கா என்ற முறையில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சின்ன வயதில் உனக்காக எத்தனை சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் குளிரில் கோட்டும் போடாமல் நின்று கேட்கிற மனுசிக்கு எனக்குப் பொய் வரவில்லை. "நல்ல இங்கிலிஷ். இங்கேதான் படித்தவன்" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று எனக்கும் குற்றமாகத்தான் இருக்கிறது. வழி முழுக்க அதை நினைத்துக்கொண்டுதான் ஓட்டினேன். ஆனால் திரும்பப் போய் அதை மாற்றிச் சொல்லமாட்டேன்.

ஏப்ரல் 27 நான் வருகிறேன். கரோலினை நான்தான் தூக்குவேன். பிள்ளை ஒரு பிழையும் செய்யவில்லை. வெள்ளைச் சட்டை வாங்கவேண்டாம் என்று செரீனாவிடம் சொல், நான் எடுத்துவிட்டேன்.

லொறெயினையும் வரச் சொல்லியிருக்கிறேன். யோசித்துவிட்டு நேற்றுப் போன் எடுத்தார், வருகிறாராம். ஞானஸ்நானம் முடிந்து மண்டபத்தில் சாப்பாட்டுக்கு முதல் அத்தான் அவரோடு பேசவேண்டுமாம். மூன்று நாளாக யோசித்து வசனம் அடுக்கி வைத்திருக்கிறார். எல்லாம் தமிழில். தன்னுடைய இங்கிலிஷில் இனியும் ஒரு பிழை நடக்கக்கூடாதாம். மொழிபெயர்க்க நான் வருகிறேன் என்றேன். "நீ வேண்டாம். கிளிபோட் சொல்லட்டும்" என்றார்.

முதல் வசனத்தை மட்டும் எனக்குச் சொல்லிக் காட்டினார். நீ ஆயத்தமாக வரவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல், அத்தானுக்குப் பக்கத்தில் நின்று, லொறெயினைப் பார்த்து நீ இதைச் சொல்லவேண்டும்:

"இப்ப உங்களுக்கு இங்கிலிஷிலை சொல்லுறானே இவன், இவன்தான் அண்டைக்கு உங்கடை அழுகையை எனக்குச் சந்தோசம் எண்டு சொன்னவன்."

கிளடிஸ் அக்கா